தறிச் சத்தமும் ஒலியியல் பாடமும்

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். எதைக் கேட்டாலும் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்கப் பதில் சொல்வான். "ஏன்டா கத்துற? மெதுவாப் பேசு" என்று பலமுறை கண்டித்திருக்கிறேன். ஒருநாள் தயங்கியபடியே சொன்னான்: "வீட்டுல இப்படிப் பேசுனாத்தானுங்க சார் கேக்கும்."

அவன் வீடும் விசைத்தறிக் குடோனும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அப்பாவுக்குக் காது மந்தம். அன்று எனக்குள் ஏற்பட்ட குற்ற உணர்வுதான், ஒலியியல் பாடத்தை நான் நடத்தும் முறையை மாற்றியது. தறி, அரவை ஆலை, பட்டறை, கிடங்கு என இரைச்சல் மிகுந்த தொழில்கள் உள்ள எந்த ஊரிலும் இந்தப் பாடத்தை இப்படி நடத்தலாம்.

இரண்டு தறி, எத்தனை டெசிபல்?

முதலில் ஒரு கேள்வி: "ஒரு தறியின் சத்தம் 90 டெசிபல். அதே போன்ற இரண்டு தறி சேர்ந்து ஓடினால்?" வகுப்பே "180" என்றது. சரியான விடை 93. டெசிபல் என்பது மடக்கை அளவு. ஒலியாற்றல் இருமடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். நான்கு தறிக்கு 96, எட்டுக்கு 99 என்று மாணவர்களே எழுதினார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: பாதித் தறிகளை நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். எனவே வேறு வழி தேவை.

தொழிற்சாலை விதிகளின்படி 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பு. நாடாத் தறிகள் ஓடும் கூடத்தில் இரைச்சல் இதைத் தாண்டுவது சாதாரணம். தொடர்ந்து அதில் நிற்பவரின் காக்ளியாவில் உள்ள மயிரிழைச் செல்கள் அழிகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள உயர் அதிர்வெண் ஒலிகள்தான் கேட்காமல் போகும். அதனால்தான் பாதிக்கப்பட்டவர்கள், "சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல" என்கிறார்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே இடம்பெற்றிருந்தது.

செயல்பாடு 1: பெட்டிக்குள் அலாரம்

தேவையானவை: அலாரம் அடிக்கும் கடிகாரம், மூடியுள்ள அட்டைப்பெட்டி, அதே அளவுள்ள கனமான மரப்பெட்டி, தெர்மாகோல், பழைய துணி, தேங்காய் நார், ஒலி அளக்கும் செயலி உள்ள கைப்பேசி.

கடிகாரத்தை ஒலிக்கவிட்டு, ஒரு மீட்டர் தொலைவில் அளவைக் குறிக்க வேண்டும். பிறகு அட்டைப்பெட்டிக்குள், மரப்பெட்டிக்குள், உள்ளே தெர்மாகோல் பதித்து, துணி பதித்து, நார் பதித்து என ஒவ்வொன்றாக அளந்து அட்டவணையிடச் செய்யலாம். செயலி காட்டும் எண் துல்லியமானதல்ல. ஆனால் ஒப்பிடுவதற்குப் போதும்.

மாணவர்கள் பெரும்பாலும் தெர்மாகோல்தான் வெல்லும் என்று ஊகிப்பார்கள். வெப்பத்தைத் தடுக்கும் பொருள் ஒலியையும் தடுக்கும் என்ற எண்ணமே காரணம். தெர்மாகோல் எடையற்றது, அதன் குமிழ்கள் மூடியவை. இரண்டு வேலைக்கும் அது உதவாது. அந்த இரண்டு வேலைகளையும் இங்கே பிரித்துக் காட்டலாம்:

* தடுத்தல்: செங்கல் சுவர், கனமான பலகை போன்றவை எடையால் ஒலியைத் தடுக்கின்றன.
* உட்கவர்தல்: கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி, தடித்த துணி, நார் ஆகியவற்றின் திறந்த நுண்துளைகளில் காற்று உராய்ந்து, ஒலியாற்றல் வெப்பமாகிறது.

மரப்பெட்டிக்குள் துணியும் பதித்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

இறுதியாகப் பெட்டியில் விரல் அளவு ஓட்டை போட்டு அளக்கச் சொல்லுங்கள். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்ட குடோனில் இருந்து சத்தம் ஏன் தெருவரை வருகிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

செயல்பாடு 2: அதிரும் கைப்பேசி

அதிர்வு நிலையில் உள்ள கைப்பேசியை மேசைமேல் வைத்து அழையுங்கள். பிறகு மடித்த துணிமேல் வைத்து அழையுங்கள். மேசையே அதிர்ந்து ஒலிப்பது முதல் முறை தெரியும். இரண்டாவது முறை அது அடங்கிவிடும். இயந்திரங்களின் காலடியில் ரப்பர் திண்டு வைப்பதன் காரணம் இதுதான்.

சொல்ல மறக்கக் கூடாதவை

சுவரிலும் கூரையிலும் ஒலி உட்கவரும் பொருள் பதித்தால் எதிரொலிப்பு குறையும். ஆனால் தறியை ஒட்டி நிற்பவரின் காதுக்கு நேராக வரும் ஒலி குறையாது. அவருக்குக் காதடைப்பானும் வேண்டும். காதில் பஞ்சு வைப்பது போதாது. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் தீப்பற்றும் நுரைத் திண்டுகளைப் பதிப்பது ஆபத்து. தீப்பற்றாத பொருளைத் தேர்ந்தெடுத்து, தூசி சேராமல் மூடிப் பதிக்க வேண்டும்.

பாடம் முடிந்த வாரம், இரைச்சலைத் தோன்றும் இடத்தில், பரவும் வழியில், கேட்பவர் காதில் என மூன்று இடங்களில் எப்படிக் குறைக்கலாம் என்று தங்கள் தெருவைப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். அந்த மாணவன் மூன்றாவது தலைப்பின்கீழ் ஒரே வரி எழுதியிருந்தான்: அப்பாவுக்குக் காதடைப்பான் வாங்க வேண்டும்.

ஆசிரியர் நண்பர்களே, வகுப்பில் கத்திப் பேசும் குழந்தையையும், அழைத்தால் திரும்பாத குழந்தையையும் கண்டிப்பதற்கு முன், அவர்கள் வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது அவர்களின் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன்.