நூலகம் நம்முடையது

சித்தூரிலும் திருப்பதியிலும் பொது நூலகங்கள் உள்ளன. அங்கே பேப்பர் படிக்கலாம். புத்தகம் எடுத்துப் படிக்கலாம். இதற்குப் பணம் யார் தருகிறார்கள்?

நாம்தான். ஆந்திராவில் 1960-ல் நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ரூபாய்க்கு 8 பைசா. வீட்டு வரி 1,000 ரூபாய் என்றால், நூலக வரி 80 ரூபாய். ரசீதை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இந்த வரி வருவதற்கு முன்பே ஊரார் பணம் போட்டு நூலகம் நடத்தினார்கள். சீராலா பக்கத்தில் வேட்டபாலம் என்று ஓர் ஊர். நெசவாளர்கள் வாழும் ஊர். 1918-ல் அங்கே இளைஞர்கள் ஒரு நூலகம் தொடங்கினார்கள். அதன் பெயர் சாரஸ்வத நிகேதனம். நன்கொடையால் அது வளர்ந்தது. 1929-ல் காந்தியடிகள் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

நம் பிள்ளைகளுக்கு நாமும் உதவலாம். தெருவில் 20 வீடுகள். வீட்டுக்கு மாதம் 10 ரூபாய். வருடத்துக்கு 2,400 ரூபாய் சேரும். நூலகரைக் கேட்டு, தமிழிலும் தெலுங்கிலும் கதைப் புத்தகங்கள் வாங்கித் தரலாம். வரவு செலவை நோட்டில் எழுத வேண்டும். கணக்கை எல்லோரும் படிக்க வேண்டும். இப்போது நமக்குப் படிக்கத் தெரியுமே!

பேசுவோம்:
1. உங்கள் வீட்டு வரி எவ்வளவு? நூலக வரி எவ்வளவு?
2. உங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன புத்தகங்கள் உள்ளன?