ஆளறிந்து இடம் தருதல்

நுழையும்முன்

அணியில் இடம் கிடைக்காத மாணவர், தமக்கு ஆற்றலே இல்லை என்று எண்ணிவிடுவதுண்டு. அவ்வாற்றல் எவ்விடத்திற்கு உரியது என ஒருவரும் ஆராயாமல் விட்டிருக்கவும் கூடும். வீரரை மதிப்பிட்டு உரிய இடத்தில் அமர்த்துவது பயிற்சியாளரின் தலையாய கடமை. அதன் இயல்பைப் புதுச்சேரியில் ஆடப்பெறும் பெத்தாங்க் விளையாட்டின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

கடல் கடந்து வந்த ஆட்டம்

பிரான்சின் தென்பகுதியான புரோவான்சில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது பெத்தாங்க். ‘ஊன்றிய கால்கள்’ எனப் பொருள்படும் அப்பகுதி வழக்கிலிருந்து இப்பெயர் பிறந்தது. புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. அதன் பின்னரும் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் வாயிலாகவும், ஊரார் ‘சொல்தா’ என அழைக்கும் பிரெஞ்சுப் படையின் முன்னாள் வீரர்கள் வாயிலாகவும் பிரான்சுடனான உறவு நீடித்தது. அவ்வுறவின் அடையாளங்களுள் ஒன்று இவ்வாட்டம்.

வீரர் ஒரு சிறு வட்டத்துக்குள் கால் ஊன்றி நின்று, 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள உலோகக் குண்டை எறிவார். 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறிய மரக்குண்டே இலக்கு. எதிரணியின் மிக நெருங்கிய குண்டைக் காட்டிலும் இலக்குக்கு அருகில் நிற்கும் தம் குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். முதலில் 13 புள்ளிகள் பெறும் அணி வெல்லும்.

மூவர், மூன்று பணிகள்

மூவர் அணியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குண்டுகள் உண்டு. இலக்கை ஒட்டிக் குண்டை நிறுத்துபவர் ‘புவேந்தெர்’. அவருக்கு மண்ணின் மேடுபள்ளம் அறியும் கண்ணும் மென்மையான கையும் வேண்டும். எதிரணியின் குண்டை அடித்து விலக்குபவர் ‘தீரெர்’. அவருக்குத் துல்லியமும் தவறியபின் தளராத மனமும் வேண்டும். நிலைமைக்கேற்ப இரண்டையும் செய்பவர் ‘மிலியோ’. எப்போது நெருங்குவது, எப்போது தகர்ப்பது என்னும் தெளிவே அவருடைய வலிமை.

அடித்து விலக்குவது காண்போரின் கைதட்டலைப் பெறும். ஆகவே பயில வருவோருள் பலர் அவ்விடத்தையே விரும்புவர். மூவரும் தகர்ப்பவராயின், இலக்கருகில் குண்டை நிறுத்த ஆளில்லை. பேஸ்பாலில் பந்தெறிபவரும் அதைப் பிடிப்பவரும் வேறு வேறு திறன் உடையவர்களாக இருப்பதும் இதனாலேயே.

அளந்தறிதல்

எந்தக் குண்டு அருகில் உள்ளது என்னும் ஐயம் எழுந்தால், ஆடுவோர் அளவுநாடாவை எடுப்பர். உரத்த குரலுக்கு அங்கே இடமில்லை. வீரரை மதிப்பிடும்போதும் பயிற்சியாளர் இந்நெறியையே பின்பற்ற வேண்டும்.

ஒரு மாணவி பத்து முறை தகர்க்க முயன்று இருமுறையே வென்றார் எனக் கொள்வோம். அதை மட்டும் கண்டவர் அவரை அணியிலிருந்து விலக்கிவிடுவார். அவரையே இலக்கை நோக்கிப் பத்துக் குண்டுகள் எறியச் செய்து தொலைவை அளந்தால், எட்டுக் குண்டுகள் அரை மீட்டருக்குள் நிற்கக்கூடும். முதல் சோதனை அவர் தகர்ப்பவர் அல்லர் என்பதை மட்டுமே காட்டியது. இரண்டாவது சோதனை அவருக்குரிய இடத்தைக் காட்டியது. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் தனிச் சோதனை தேவை. 6 மீட்டரில் சிறப்பவர் 9 மீட்டரில் தடுமாறலாம். மணலில் வல்லவர் சரளைத் தரையில் திணறலாம். தொலைவையும் தரையையும் மாற்றிப் பல நாள் பார்த்துக் குறித்துவைத்தலே முறை.

நாடாவால் அளக்க இயலாதவையும் உண்டு. 12க்கு 12 என்னும் நிலையில் ஒருவர் எப்படி எறிகிறார், தோழர் தவறும்போது அவர் முகம் என்ன சொல்கிறது என்பனவற்றை ஆட்டத்தின்போதுதான் காணமுடியும்.

இடம் தந்தபின்

பணியை ஒப்படைக்கும்போது அதன் காரணத்தையும் வீரருக்குச் சொல்லவேண்டும். காரணம் அறியாதவர் தமக்குக் கிடைத்த இடத்தைத் தண்டனையாகக் கருதுவார். ஒருமுறை தவறியதற்காக உடனே இடம் மாற்றுதலும் தகாது. பயிற்சியால் வளர்ந்தவரைப் பழைய இடத்திலேயே கட்டிவைத்தலும் தகாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதிதாக அளத்தல் நன்று.

திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ 51ஆம் அதிகாரம். ‘தெரிந்துவினையாடல்’ 52ஆம் அதிகாரம். ஆளை ஆராய்ந்து தெளிவது முன்னும், அவரைப் பணியில் அமர்த்துவது பின்னுமாக அவை நிற்கின்றன. அரசனுக்குச் சொன்ன அம்முறை, ஆடுகளத்தில் அணி அமைப்பவருக்கும் பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

பெத்தாங்கில் தகர்க்கும் திறனுக்கெனத் தனிப் போட்டி உண்டு. ஐந்து வகை அமைப்புகளில், அமைப்பு ஒன்றுக்கு நான்கு தொலைவுகளிலிருந்து, மொத்தம் 20 முறை எறியவேண்டும். ஓர் எறிக்கு 5 புள்ளிகள் வரை கிடைக்கும்; உச்ச அளவு 100.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கபடி அணியில் பாடிச் செல்பவர், பிடிப்பவர் ஆகியோருக்குத் தனித்தனிச் சோதனைகளை வகுத்து எழுதுக.
2. ‘விரும்பும் இடமா, பொருந்தும் இடமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.