கொஞ்சம் தள்ளி உட்காருங்க!

பஸ்ஸில் பாதி சீட் காலி. நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏறி வருகிற ஒருவர், அத்தனை காலி இடத்தையும் விட்டுவிட்டு உங்களை ஒட்டி வந்து உட்கார்கிறார். அவர் திட்டவில்லை, தொடவில்லை. ஆனாலும் உங்களுக்கு என்னவோ போல் ஆகிறது, இல்லையா?

எங்கேயும் எழுதி வைக்காத ஒரு விதியை அவர் மீறிவிட்டார். நம் ஒவ்வொருவரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி இருக்கிறது.

வேலி எத்தனை அடி?

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1966-ல் இதற்குக் கணக்கே சொன்னார். ஒன்றரை அடிக்குள் வர மிக நெருங்கியவர்களுக்குத்தான் அனுமதி. 4 அடி வரை நண்பர்கள். 4 முதல் 12 அடி வரை அலுவலகப் பழக்கம். இது அமெரிக்கர்களின் அளவு. நம் ரேஷன் கடை க்யூவில் செல்லாது! ஊருக்கு ஊர் அளவு மாறும். வேலி மட்டும் எல்லோருக்கும் உண்டு.

இதில் மூளைக்கும் பங்கு இருக்கிறது. பயத்தை உணர்த்தும் 'அமிக்டலா' என்ற பகுதி இரு பக்கமும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. மற்றவர்கள் சுமார் 2 அடி தள்ளி நிற்க விரும்ப, அவருக்கு ஓர் அடியே போதுமாக இருந்தது!

வாய் பேசாது, உடம்பு பேசும்

அதே 1966-ல் நான்சி ஃபெலிப்பே, ராபர்ட் சோமர் என்ற இருவர் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். நூலகத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருந்த மாணவிகளின் அருகே, வேறு இடம் இருந்தும், ஒரு பெண் வந்து நெருக்கி உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் 100-க்கு 70 பேர் எழுந்து போய்விட்டார்கள். யாரும் நெருங்காத மாணவிகளில் எழுந்தவர்கள் 100-க்கு 13 பேர்தான்.

முகத்தைத் திருப்பினார்கள், முழங்கையைத் தடுப்பாக வைத்தார்கள், பிறகு கிளம்பினார்கள். 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்று கேட்டவர்கள் அனேகமாக யாருமில்லை. சொல்லாத விதி அல்லவா? மீறினாலும் சொல்ல வாய் வருவதில்லை.

எழுந்து போக முடியாதவர்கள்

மாணவி எழுந்து போய்விடலாம். 'மாமாவுக்கு ஒரு முத்தம் குடுடா கண்ணா' என்று மடியில் தள்ளப்பட்ட குழந்தை எங்கே போகும்? படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி எங்கே போவார்? உடம்பால் அவர்கள் சொல்வதை நாம்தான் படிக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியும் ஸ்பரிசமும் தொட்டு அறிபவை. நாங்களும் அந்த வேலியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். படபடப்பில் நாடி வேகமாக ஓடும். அதனால் வந்தவரைச் சற்று உட்காரவிட்டு, 'கையைப் பார்க்கலாமாம்மா?' என்று கேட்டுவிட்டே தொடுவேன்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. குழந்தை முகம் திருப்பினால் 'வெட்கம்' என்று சிரித்து மழுப்பாதீர்கள். முத்தத்துக்குப் பதில் வணக்கம் சொல்லட்டும், மரியாதை குறையாது.

2. குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலே ஒதுங்கினால், தனியாக உட்கார்த்தி நிதானமாகக் கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். தவறு நடந்திருந்தால் மறைக்காதீர்கள். 2012-ன் போக்சோ சட்டம் இருக்கிறது, உதவிக்கு 1098.

3. படுக்கையில் இருப்பவருக்கு உடை மாற்றும்முன் 'மாத்திவிடட்டுமா?' என்று கேளுங்கள். கதவைச் சாத்துங்கள்.

4. கூட்ட நெரிசலில் இடிபடுவது வேறு. இடம் இருந்தும் ஒட்டி நிற்பவரிடம், 'தள்ளி நில்லுங்க' என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

அடுத்த முறை வீட்டுக்கு விருந்தாளி வரும்போது உங்கள் குழந்தையின் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்களேன். 'வேணாம்மா' என்று அது சொன்னால், 'சரி கண்ணு' என்று நீங்கள் முதலில் சொல்லிப் பழகுங்கள். நாளைக்கு வெளியே யாரிடமும் 'வேணாம்' என்று சொல்ல அதற்குத் தைரியம் வரும்.