வீட்டுக்கு விலை சொல்வது எப்படி?

ஜிந்துப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது என்று காலையில் தெரிந்தால், மாலைக்குள் நாலு தரகர்கள் அதைக் கொண்டு திரிவார்கள். வாங்க நிற்பவர்களில் பக்கத்துத் தெருக் கடைக்காரர் இருப்பார். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் இருப்பார். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மகனுக்காக வீடு தேடும் தகப்பனும் இருப்பார். காணி பெருகுவதில்லை. கடையும் பள்ளிவாசலும் பாடசாலையும் நடை தூரத்தில் உள்ள இடத்தை விட்டுப் போகவும் எவருக்கும் மனம் வருவதில்லை. இந்தப் போட்டியில் ஒரு சிறு வியாபாரி எப்படி விலை சொல்ல வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

1. முதலில் உங்கள் எல்லையைக் கட்டுங்கள்

கையில் 4 கோடி ரூபா உள்ளவர் 4 கோடி விலை சொல்ல முடியாது. உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை உண்டு. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 4 கோடி பெறுமதியான வீட்டுக்கு இது மட்டும் 15 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. இதற்கு மேல் நொத்தாரிசு கட்டணம், நில அளவையாளர் கூலி, பழைய வீடானால் கூரையும் குழாயும் திருத்தும் செலவு ஆகியனவும் வரும். இவற்றைக் கழித்த பின் மிஞ்சுவதே நீங்கள் சொல்லக்கூடிய விலை.

அடுத்தது, கடையில் சுழலும் பணத்தை வீட்டுக்குள் முடக்காதீர்கள். சரக்கு எடுக்கும் காசையும், முன் திகதியிட்டுக் கொடுத்த காசோலைகளுக்கான காசையும் எடுத்து வீடு வாங்கியவர், பெருநாள் வியாபாரத்தில் வெறும் ராக்கையோடு நிற்பார். வீடு இருக்கும், அந்த வீட்டை நடத்தும் கடை இருக்காது.

வங்கிக் கடன் எடுப்பவர் மாறும் வட்டியை மறக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வைத்திருந்தவர்களின் மாதத் தவணையும் அதனோடு ஏறியது. வட்டியைத் தவிர்ப்போருக்கு ‘குறைந்து செல்லும் முஷாரகா’ முறை உண்டு. இதில் வங்கி பங்காளியாகச் சேர்ந்து வீட்டை வாங்கும், அதன் பங்கை நீங்கள் படிப்படியாக வாங்கிக்கொள்வீர்கள். எந்த முறையானாலும், கடைக்கு மந்தமான மாதத்திலும் கட்டக்கூடிய தவணைதானா என்று பாருங்கள்.

2. விற்பவருக்கு என்ன தேவை?

வீட்டுக்காரர் ஏன் விற்கிறார் என்பதைத் தரகர் மூலமாக மட்டும் அறியாமல் நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கவா, மகளின் கலியாணத்துக்கா, கடனை அடைக்கவா, வெளிநாடு போகவா? கலியாணத்துக்கு விற்பவருக்குத் திகதி முக்கியம். வேறு வீடு பார்த்திருப்பவருக்கு, விற்ற பிறகும் இரண்டு மாதம் அங்கேயே இருக்க விடுவது ஐந்து இலட்சத்துக்குச் சமமாகலாம்.

இருவர் விலை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 4 கோடி 10 இலட்சம் என்கிறார், ஆனால் கடனுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மற்றவர் 4 கோடி என்கிறார். அவரிடம் வங்கியின் கொள்கையளவிலான அங்கீகாரக் கடிதம் இருக்கிறது, நொத்தாரிசு இன்னார் என்கிறார், உறுதி முடிக்கும் திகதியும் சொல்கிறார். அனுபவமுள்ள வீட்டுக்காரர் இரண்டாமவரையே அழைப்பார். ஸ்கொட்லாந்தில் போட்டி அதிகமான வீடுகளுக்கு ஒரு முடிவுத் திகதி வைத்து, சட்டத்தரணி மூலம் எழுத்தில் விலை வாங்குவார்கள். அங்கும் கூடிய விலையைத்தான் ஏற்க வேண்டுமென்ற கட்டாயம் வீட்டுக்காரருக்கு இல்லை.

3. ‘இன்னொரு பார்ட்டி’ வரும்போது

“வேறொருவர் 20 இலட்சம் கூட்டிக் கேட்கிறார் ஹாஜியார்” என்று தரகர் சொல்வார். உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதையும், ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் மற்றவர் விலை பேசுவதையும் நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். பிறர் செய்தாலும் நாம் அதில் இறங்க வேண்டாம்.

பேர்ச் கணக்கில் விலையைப் பிரித்துப் பாருங்கள். அதே தெருவில் அண்மையில் கைமாறிய வீடுகளை விசாரியுங்கள். கடன் எடுப்பதானால் வங்கியின் மதிப்பீடு உங்கள் விலையை விடக் குறையலாம். அந்த இடைவெளியைக் கைக்காசால்தான் நிரப்ப வேண்டும். எல்லைக்குள் ஒரு தடவை கூட்டுங்கள், அதோடு நின்றுவிடுங்கள். தினமும் ஏறும் விலைக்கு உச்சம் எங்கே என்று விற்பவருக்கும் தெரியாது.

4. முற்பணம் கொடுக்கும் முன்

போட்டி என்ற அவசரத்தில் பலர் துண்டுக் கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பல இலட்சம் கொடுத்துவிடுகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும் அதை விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன், இரு சாட்சிகளோடு எழுத்தில் அமைய வேண்டும். துண்டுக் கடதாசியை வைத்து வீட்டை எழுதித் தரும்படி கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு அலைவதே மிஞ்சும். ஆகவே விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசிடம் எழுதி, தாமதமின்றிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.

அதற்கு முன் பார்க்க வேண்டியவை:

• பதிவகத்து ஏட்டுப் பிரதிகள். ஈடு, வழக்கு, வேறு உடன்படிக்கை உள்ளதா? நொத்தாரிசுமார் வழமையாக 30 வருட வரலாற்றையாவது பார்ப்பார்கள்.

• பங்காளிகள். வாப்பா மௌத்தான வீடானால் மூத்த மகனின் வாக்கு போதாது. உம்மா, சகோதரிகள் உட்பட உரிமையுள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோனித் தத்துவம் அனுப்ப வேண்டும். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்டவரானால் அதையும் நொத்தாரிசிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

• குடியிருப்பவர். நமது பக்கத்துப் பழைய வீடுகளில் தலைமுறையாக வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப் பாதுகாப்பு அவருக்கு இருந்தால், வீட்டோடு வழக்கையும் வாங்குகிறீர்கள். வெறும் வீடாக ஒப்படைத்த பின்பே மிகுதிப் பணம் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள்.

• மாநகர சபை. சோலைவரி நிலுவையையும், வீதி எல்லைச் சான்றிதழையும் பாருங்கள். இரண்டு மூன்று பேர்ச் காணியில் வீதிக் கோடு ஓடினால் மாடி எழுப்பும் கனவு அங்கேயே முடியும்.

• வெள்ளவத்தைப் பக்கம் அடுக்குமாடி வாங்குவோர், கட்டடத்தின் கொண்டோமினியம் வரைபடம் பதியப்பட்டுள்ளதா, பராமரிப்புப் பணம் பாக்கி உள்ளதா என்று கேட்க வேண்டும்.

5. உறுதியில் விலையைக் குறைக்காதீர்கள்

மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரல் முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதனால் உறுதியில் குறைத்து எழுதச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. கொடுத்த பணத்துக்கு உங்களிடம் எழுத்து இராது. நாளை நீங்கள் விற்கும்போது அந்த இலாபம் உங்கள் கணக்கில் ஏறும். இதற்கு உடன்பட்டுத்தான் வீடு கிடைக்கும் என்றால் அந்த வீடு வேண்டாம்.

எல்லையை ஒரு தாளில் எழுதி வீட்டில் உள்ளவர்களிடம் காட்டிவிட்டு விலை பேசப் போங்கள். எழுதாத எல்லை தரகரின் ஒரு தொலைபேசி அழைப்பில் அழிந்துவிடும். கைவிட்டுப் போன வீட்டுக்குப் பதிலாக, தாமதமானாலும் இன்னொன்று விலைக்கு வரும். கடையை விற்று வாங்கிய வீட்டுக்குத் தவணை கட்ட வழி வராது.