பிரிண்டர் வழியாக வரும் திருடன்

(இரண்டாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பொறியியல் பிரிவு)

லேபில் பிரிண்டர் என்றால் யாருக்கும் மரியாதை கிடையாது. பேப்பர் மாட்டிக்கிச்சு, இங்க் தீர்ந்துபோச்சு என்று திட்டுவதோடு சரி. வைரஸ் என்றதும் பென் டிரைவைச் சந்தேகப்படுகிறோம், ஈ-மெயிலைச் சந்தேகப்படுகிறோம். பிரிண்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் 2010, 2021, 2024 என மூன்று முறை பெரிய பரபரப்பை உண்டாக்கியது பிரிண்ட் எடுக்கும் சாஃப்ட்வேர்தான். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரே கோளாறு.

முதலில் ஸ்பூலர் என்றால் என்னவென்று பார்ப்போம். கம்ப்யூட்டர் வேகமானது, பிரிண்டர் மெதுவானது. ஒரு பக்கம் அச்சாகி வரும்வரை கம்ப்யூட்டர் கை கட்டி நிற்க முடியாது. அதனால் பிரிண்ட் வேலைகளையெல்லாம் வாங்கி வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாக பிரிண்டருக்கு அனுப்ப ஒரு புரோகிராம் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்பூலர். விண்டோஸில் இது 'சிஸ்டம்' என்ற உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது. அதாவது நாம் திறக்கவே முடியாத ஃபோல்டரில்கூட அதனால் எழுத முடியும். அதே சமயம், பிரிண்டரை ஷேர் செய்திருந்தால் நெட்வொர்க்கில் யார் வேலை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

என் அப்பா மில்லில் வாட்ச்மேன். எல்லா கோடவுன் சாவியும் அவரிடம்தான் இருக்கும். ஆனால் கேட் பாஸ் இல்லாமல் ஒரு மூட்டையைக்கூட உள்ளே விடமாட்டார். எல்லா சாவியையும் வைத்துக்கொண்டு கேட் பாஸே கேட்காத வாட்ச்மேன் எப்படி இருப்பார்? 2010-ல் விண்டோஸ் ஸ்பூலர் அப்படித்தான் இருந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரானில் நடான்ஸ் என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுக்க எழுதப்பட்டது அது. பரவுவதற்கு அதனிடம் பல வழிகள் இருந்தன, அதில் ஒன்று பிரிண்டர். பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பருக்குப் பதிலாக ஒரு ஃபைலில் எழுது என்று சொல்லும் வசதி உண்டல்லவா? ஸ்டக்ஸ்நெட் பக்கத்துக் கம்ப்யூட்டரின் ஷேர் பிரிண்டருக்கு ஒரு வேலை அனுப்பும். 'இதை இந்த ஃபோல்டரில் இந்தப் பெயரில் எழுது' என்று சொல்லும். சொன்னவர் யார், அந்த ஃபோல்டரில் எழுத அவருக்கு உரிமை உண்டா என்று ஸ்பூலர் பார்க்காது. தன் சொந்த அதிகாரத்தில் விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரிலேயே எழுதிவிடும். இப்படி இரண்டு ஃபைல் போகும். ஒன்று வைரஸ், இன்னொன்று அதைத் தானாக ஓடவைக்கும் ஃபைல். அவ்வளவுதான், அந்தக் கம்ப்யூட்டரும் போச்சு. பென் டிரைவே தேவையில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஓட்டையைப் பற்றி 2009 ஏப்ரலிலேயே ஹாக்கின்9 என்ற பத்திரிகையில் கட்டுரை வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது 2010 செப்டம்பரில்தான்!

அடுத்தது 2021. இதற்கு 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தடவை ஃபைல் அல்ல, டிரைவர். புது பிரிண்டரைச் சேர்க்கும்போது அதன் டிரைவரை ஸ்பூலர் ஏற்றிக்கொள்ளும். சாதாரண யூசர் ஒருவர் 'இதுதான் டிரைவர்' என்று தான் எழுதிய புரோகிராமை நீட்டினாலும், நெட்வொர்க் வழியாகவே வாங்கி, உச்ச அதிகாரத்தோடு ஓட்டியது. ஜூன் கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஏற்கெனவே அடைக்கப்பட்ட ஓட்டைதான் என்று நினைத்து, செய்முறை கோடை வெளியிட்டுவிட்டார்கள். உடனே எடுத்துவிட்டாலும் அதற்குள் பலர் காப்பி எடுத்துவிட்டார்கள். ஜூலை 6-ம் தேதி மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திருக்காமல் அவசர அப்டேட் விட ஆரம்பித்தது. 2020 ஜனவரியிலேயே கைவிட்ட விண்டோஸ் 7-க்கும் கொடுத்தது என்றால் ஆபத்து எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம். ஆகஸ்ட்டில், டிரைவர் போட அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும் என்று மாற்றினார்கள். கேட் பாஸ் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் சிமோனே மார்காரிட்டெல்லி என்ற இத்தாலிய ஆராய்ச்சியாளர், 'கப்ஸ்' என்ற அச்சு சாஃப்ட்வேரில் ஓட்டைகளைச் சொன்னார். அதோடு வரும் 'கப்ஸ்-பிரவுஸ்டு' என்ற புரோகிராம் யுடிபி 631 போர்ட்டில் காத்திருக்கும். யார் 'நான் ஒரு பிரிண்டர்' என்று சொன்னாலும் நம்பும். அந்தப் போலி பிரிண்டர் தரும் விவரத்தில் ஒரு கமாண்டை ஒளித்து வைத்தால், பயனாளி அதில் பிரிண்ட் கொடுக்கும்போது அது ஓடிவிடும். ஆனால் என் கருத்தில் இது மற்ற இரண்டின் அளவுக்கு மோசமில்லை. பயனாளியே பிரிண்ட் கொடுக்க வேண்டும். மேலும் அந்தக் கமாண்டு ஓடுவது 'எல்பி' என்ற சின்ன யூசர் பெயரில்தான், ரூட்டாக அல்ல. வாட்ச்மேன் ஏமாந்தார், ஆனால் கையில் ஒரு சாவிதான் இருந்தது.

'நம்ம லேபில் திருட என்ன இருக்கு?' என்று கேட்கலாம். லேபில் ஒன்றுமில்லை. ஆனால் லேபும் ஆபீஸும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கல்லூரிகளில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் நம் மார்க் இருக்கிறது, ஸ்காலர்ஷிப்புக்காகக் கொடுத்த வருமானச் சான்று இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்கு வந்தவன் நான். அந்தப் பணம் இரண்டு மாதம் தள்ளிப்போனாலே ஃபீஸ் கட்ட முடியாது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலைதான். முப்பது கம்ப்யூட்டர் உள்ள லேபில் பிரிண்டர் ஒன்றுதான் இருக்கும். ஆனால் ஸ்பூலர் முப்பதிலும் ஓடும், ஏனென்றால் விண்டோஸ் அப்படித்தான் வருகிறது. பிரிண்ட் தேவையில்லாத மெஷினில் சர்வீசஸ் திரைக்குப் போய் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி, 'டிசேபிள்டு' என்று வைக்கலாம். டொமைன் கன்ட்ரோலர் சர்வர் இருந்தால் முதல் வேலை அங்கேதான். லினக்ஸில் கப்ஸ்-பிரவுஸ்டு சர்வீஸை நிறுத்தினால் போதும், வழக்கமான பிரிண்டர் வேலை செய்யும். இதோடு அப்டேட்டும் போட வேண்டும்.

ஒரு விஷயம்: விண்டோஸில் ஸ்பூலரை நிறுத்தினால் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' வசதியும் போய்விடும். அது வேண்டும் என்பவர்கள் குரூப் பாலிசியில், ஸ்பூலர் வெளிக் கம்ப்யூட்டர்களின் இணைப்பை ஏற்கும் அனுமதியை மட்டும் எடுத்துவிடலாம். சொந்தமாக பிரிண்டர் மாட்டியிருந்தால் அதில் அச்சாகும், பக்கத்து மெஷினிலிருந்து யாரும் வர முடியாது. மாற்றியபின் ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்போதுதான் அது அமலுக்கு வரும்.