அறுபதுக்குமேல் மத்திம காலத்தில் ஓடும் முறை

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று நம் விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரத்தில் பஸ் ஏறி, வேட்டவலம் வழியாகப் போய் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தூரம் முழுவதையும் பேசிக்கொண்டும் நாமம் சொல்லிக்கொண்டும் நடந்து முடித்து, மறுநாள் காலையில் வழக்கம்போலக் கழனிக்கோ கொல்லைக்கோ போகிற அறுபது பிராயத்தவர்கள் நம் பக்கத்தில் அநேகர் உண்டு. மாரத்தான் என்று உலகம் பெரிதாகச் சொல்லுகிற ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். அதாவது மூன்று கிரிவலமும் அதற்குமேல் ஒரு சிறு தெருவின் நீளமும். இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால் மாரத்தானைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதி இருக்கவே வேண்டும். அறுபதுக்குமேல் ஓடுகிறவரைக் காப்பாற்றுவது அதுதான்.

இளமையில் ஓடி இடையில் விட்டவருக்கும், நடையை ஓட்டமாக மாற்ற விரும்புகிறவருக்கும் இந்த முறை பொருந்தும். அவர் சங்கீத ரசிகராகவும் இருந்துவிட்டால் ஓர் அனுகூலம் உண்டு: எடுத்துக்கொண்ட காலப்பிரமாணத்தைக் கடைசிவரை கலையாமல் காப்பது எவ்வளவு கடினம், எவ்வளவு அழகு என்பது அவருக்கு முன்பே தெரியும். பிராயம் ஏறிய ஓட்டக்காரரைக் கெடுப்பது கால்களின் பலவீனத்தைவிட, பழைய வேகத்தின்மேல் விடாமல் இருக்கும் ஆசையே.

முதற்காரியம் வைத்தியப் பரிசோதனை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதற்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரே போதும். ஆனால் ஓடுவதற்கு முன் ஈ.சி.ஜி.யும், வைத்தியர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் எடுக்க வேண்டும், அதற்கு முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைவரை ஒரு நாள் போய்வருவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அங்கே “உடம்பைச் சும்மா பார்த்துக்கொள்ள வந்தேன்” என்று சொல்லாமல், “நீண்ட தூரம் ஓடப்போகிறேன்” என்றே சொல்லுங்கள்; கேட்கப்படும் கேள்விகளே மாறிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் ஓடும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று அப்போதே கேட்டுக்கொள்வதும், ஓடும்போது சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருப்பதும், திரும்பி வந்ததும் உள்ளங்காலைத் தடவிப் பார்ப்பதும் அவசியம். ஓட்டத்தின் நடுவே மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் இவற்றில் எது தோன்றினாலும், ‘அந்தப் புளியமரம் வரைக்கும் போய்விடுவோம்’ என்று எண்ணாமல் அவ்விடத்திலேயே உட்கார்ந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டாவது, பாதையும் நேரமும். சித்திரை, வைகாசியில், முக்கியமாக அக்கினி நட்சத்திர நாட்களில், சூரியன் கிளம்புமுன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுகிற நாளைப் பார்த்து ஓட வேண்டும். மார்கழியும் தையும் நமக்கு அறுவடைக் காலம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பெரிய சாலை நேராகவும் சமமாகவும் இருப்பதால் ஆசை காட்டும். ஆனால் விடியற்காலையில் அதில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போகும்; முதல் பஸ்காரருக்கோ சாலை முழுவதும் தம்முடையது என்ற எண்ணம். கிராமத்துக் கிளைச் சாலைகளில் வேறொரு சங்கடம். நெல்லையும் மல்லாட்டையையும் உளுந்தையும் சாலையிலேயே காயவைத்து, இரவில் தார்ப்பாயால் மூடி, அது பறக்காமலிருக்க ஓரம் நெடுகக் கருங்கற்களை அடுக்கியிருப்பார்கள். குவியல் இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும், கல் தெரியாது, கட்டைவிரலுக்குத்தான் தெரியும். ஆகவே கையில் ஒரு டார்ச்சு, உடம்பில் வெளிறிய நிறச் சட்டை, எதிரே வரும் வண்டியைக் கண்ணால் பார்க்கும்படி சாலையின் வலப்பக்கம் என்ற மூன்றையும் விடக்கூடாது. 89-ஆம் பிராயத்தில், 2000-ஆம் ஆண்டில், லண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடியவரும், நூறு பிராயமானவர் என்று சொல்லப்பட்ட நிலையில் 2011-இல் டொரண்டோவில் முழுத் தூரத்தையும் முடித்தவருமான பௌஜா சிங், 2025 ஜூலையில் காலமானது எந்த வியாதியாலும் அன்று. பஞ்சாபில் தம் சொந்தக் கிராமத்தின் அருகே சாலையில் ஒரு கார் மோதியதால். நீண்ட தூரத்துக்குச் சாலை வேண்டுமானாலும், வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளிக்கூட மைதானத்திலோ ஏரிக்கரை மண்ணிலோ ஓடுவது மூட்டுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

காலணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கும்படி ஒன்றை வாங்குங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். கிரிவலத்தில் வெறுங்காலோடு நடந்து பழகியவர் என்பதற்காக வெறுங்காலோடு ஓட முற்பட வேண்டாம்.

இனி விஷயத்தின் மையமான காலப்பிரமாணத்துக்கு வருவோம். நம் சங்கீதத்தில் சவுக்கம், மத்திமம், துரிதம் என்று மூன்று காலங்கள் இருப்பது போலவே ஓட்டத்திலும் மூன்று உண்டு என்று வைத்துக்கொண்டால், வாரம் முழுவதும் ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி சவுக்கத்திலும் மத்திமத்திலும் கழிய வேண்டும். துரிதம் வாரத்தில் ஒரு நாள், அதுவும் சிறிது நேரம், பல மாதப் பழக்கத்துக்குப் பிறகு. எந்தக் காலத்தில் ஓடுகிறோம் என்பதை அறியக் கடிகாரம் வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே ஒரு கீர்த்தனையைச் சங்கதிகளோடு பாட முடிந்தால் நீங்கள் உலாவுகிறீர்கள். பாட்டு வராமல், பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுவே மத்திமம். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்பதற்குமேல் வார்த்தை வராவிட்டால் துரிதத்துக்குப் போய்விட்டீர்கள். உடனே நடைக்கு இறங்குங்கள். இந்தச் சோதனை, மணிக்கட்டில் கட்டுகிற கருவி காட்டும் இருதயத் துடிப்பைவிட நம்பகமானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு: இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சில, இருதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பவை, அவற்றை உட்கொள்பவரின் கருவி, அவர் மூச்சு வாங்கி நிற்கும்போதுகூட எல்லாம் சரியாக இருப்பதாகவே சொல்லும்.

மெதுவாக ஓடுகிறவர் மெதுவாகவே போய்விடுவார் என்று அஞ்சுபவர்களுக்குக் கனடாவின் எட் விட்லாக்கைக் காட்டலாம். சுரங்கப் பொறியாளராயிருந்து ஓய்வு பெற்ற அவர், மில்டன் என்ற சிற்றூரில் தம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே, நாளொன்றுக்குச் சில சமயம் மூன்று மணி நேரம் வரையில், அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடிப் பழகினார்; 2004-இல் தம் 73-ஆம் பிராயத்தில் மாரத்தானை 2 மணி 54 நிமிஷம் 48 விநாடியில் முடித்தார்.

மூச்சுக்கு வேறொரு கணக்கு. இரண்டடிக்கு உள்ளே, இரண்டடிக்கு வெளியே என்று இழுத்துவிட்டால், மூச்சை வெளியே விடத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே பாதம் தரையில் விழுந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத்து இடுப்புக்கே பாரம் கூடும் என்று பயிற்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஒற்றைப்படை எண்ணில் வைத்தால் பாதம் மாறி மாறி வரும். இதற்கு நம்மிடம் கண்ட நடை தயாராக இருக்கிறது: ‘தக’ என்ற இரண்டடிக்கு மூச்சை விடுங்கள், ‘தகிட’ என்ற மூன்றடிக்கு இழுங்கள். நிமிஷத்துக்கு 160 அடி வைத்து ஓடுபவருக்கு இப்படி 32 மூச்சு ஆகும். மத்திம ஓட்டத்துக்கு அது இயல்பானதே. முதலில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகி, பிறகு நடையில், அதற்கும் பிறகு ஓட்டத்தில் கொண்டுவர வேண்டும். ஏறுமுகமான பாதையில் மூச்சு முட்டினால் திச்ரத்துக்கு மாறி, இரண்டடிக்கு உள்ளே, ஓரடிக்கு வெளியே.

இவ்வளவு சொன்ன பிறகு, காதுக்குள் செருகும் கருவியில் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடலாமா என்ற கேள்வி வரும். ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி, எழுத்தாளர் ஆவதற்குமுன் டோக்கியோவில் ஜாஸ் சங்கீத விடுதி நடத்தியவர். 33 பிராயத்தில் ஓடத் தொடங்கி, வருஷந்தோறும் மாரத்தான் ஓடி, 1996-இல் நூறு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் கடந்தவர். அவர் ஓடும்போது பெரும்பாலும் தாளம் எளிமையாயுள்ள ராக் சங்கீதமே கேட்பார்; ஜாஸ் எப்போதாவதுதான். அந்தப் பாகுபாட்டை நாமும் கைக்கொள்ளலாம். ஆனால் நம் சாலையில் காதை அடைத்துக்கொண்டு ஓடுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன், ஏனெனில் பின்னால் வரும் வண்டியையும் நாயையும் நமக்கு முன்னறிவிப்பது காது ஒன்றே, இப்போது பெருகிவிட்ட மின்சார ஸ்கூட்டர்களின் சத்தம் திறந்த காதுக்கே சரியாகக் கேட்பதில்லை. மைதானத்துக்குள் ஓடும்போது வேண்டுமானால் ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓடும்போது பாட்டை மனத்துக்குள் ஓட விடுங்கள்.

எதை ஓட விடுவது என்பதில்தான் ரசிகருடைய ருசி வேலை செய்யும். ஆலாபனைக்கு அடி கிடையாது, விருத்தமும் அப்படியே, அவை காலைத் தடுமாறச் செய்யும். நடப்பதற்கென்றே பிறந்த சங்கீதம் நம்மிடம் இருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் நாகசுரக்காரர் வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. ஸ்ரீபாதம் தாங்கிகளின் நடையும் தவிலின் அடியுமே அதற்கு உடம்பு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தோ, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடையில் பாடுவதற்காகவே எழுந்தது. பக்கத்துத் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதரின் சந்தங்களும் காலில் நன்றாகக் குதிக்கும். மனப்பாடமாக ஒன்றிரண்டு திருப்புகழ் தெரிந்தவர் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணவே மாட்டார்.

வாரக் கிரமம் இப்படி இருக்கலாம்: நான்கு நாள் ஓட்டம், அவற்றில் ஒன்று நீண்ட ஓட்டம், இரண்டு நாள் வீட்டிலேயே தசைப் பயிற்சி, ஒரு நாள் பரிபூரண ஓய்வு. புதியவர் நாலு நிமிஷம் ஓடி ஒரு நிமிஷம் நடக்கலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை, 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதையே போதித்தார். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூட்டாமல், நாலாவது வாரம் குறைத்துவிட வேண்டும்.

தசைப் பயிற்சி வேளையே கச்சேரி கேட்கும் வேளை. புதுவை வானொலியோ ஒலிப்பதிவோ எதுவானாலும், பேசுகிறவர் குரலை மூழ்கடிக்காத ஒலியில் வைத்துக்கொண்டு, வாசற்படியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி, ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் குதிகாலை உயர்த்தவும், அடுத்த ஆவர்த்தனம் இறக்கவும் செய்யுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது அடுத்தது. பிறகு சுவரருகே ஒற்றைக்காலில் நிற்பது. ஆலாபனைக்கு இங்கே இடம் உண்டு: பாடகர் தோடியை விரிக்கிற வரையில் தொடையையும் கெண்டைக்காலையும் நிதானமாக நீட்டி இளக்கலாம்.

ஆகாரத்தில் நம் ஊர்ச் சரக்கே போதும். குறுகிய ஓட்டத்துக்கு முன் அரை டம்ளர் காபியும் ஒரு வாழைப்பழமும். நீண்ட ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்டிலி. ஒன்றரை மணிக்குமேல் ஓடினால் வழியில் கடலை மிட்டாயோ பேரீச்சையோ மென்று, உப்பிட்ட மோரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். பிராயம் ஏறத் தாக உணர்ச்சி மங்கும் என்பது உண்மை. அதற்காக வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவும் ஆபத்தாகும். ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்த்தால், கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டோம் என்று தெரியும். திரும்பி வந்ததும் வேகவைத்த மல்லாட்டை, சுண்டல், முட்டை. பனை பாளைவிடும் பருவத்தில், சர்க்கரை வியாதி இல்லாதவருக்கு, புளிக்காத பதநீர். ஓடுவதற்குமுன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்; உடம்பில் நீர் வற்றிய வேளையில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பந்தயம் ஒன்றைக் குறித்துக்கொண்டால் அப்பியாசத்துக்கு ஒழுங்கு பிறக்கும். நம் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே ஆரோவில்லில் 2008 முதல் பிப்ரவரி மாதத்தில் மாரத்தான் நடக்கிறது. செம்மண் காட்டுப் பாதை, நிழல், முந்தி வந்தவருக்கென்று பரிசு கிடையாது. அறுபதுக்குமேல் இதைவிடப் பொருத்தமான களம் வேண்டியதில்லை. முதல் வருஷம் 10 கிலோமீட்டர், அடுத்த வருஷம் பாதி மாரத்தான், எல்லாம் சரியாக இருந்தால் அதற்குப் பிறகே முழுத் தூரம். மரவேர்களில் கால் தட்டாமலிருக்க, தை மாதத்தில் ஏரிக்கரை ஓட்டத்தை அதிகமாக்குங்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே தூரத்தைக் குறைத்துவிடுங்கள். ஓட்டம் விடியுமுன் தொடங்குவதால், கண்டாச்சிபுரத்திலிருந்து அன்று காலை கிளம்பிச் சேரலாம் என்று எண்ணாமல், முந்தின இரவே புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ தங்கிவிடுவது உத்தமம்.

முழுத் தூரம் முடித்தவர் அன்று சாயங்காலமும் மறுநாளும் சற்றே உலாவ வேண்டும். படுத்தே கிடந்தால் கால் இறுகும். அடுத்த மூன்று வாரத்துக்கு ஓட்டத்தில் கடிகாரம் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு நாள் மாடிப்படி இறங்கும்போது தொடை நடுங்கினால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாக இறங்கிப் பாருங்கள். வீட்டார் சிரித்தாலும், வலி பெருமளவு குறையும்.