சமிக்ஞை நின்றால் மோட்டார் என் செய்யும்?

புளியங்குடியின் மலையடிவாரத்தில் எலுமிச்சை பயிரிடும் அங்கத்தினர்க்கும், பாவுக்குக் கஞ்சியேற்றித் தறிக்கு அனுப்பும் அங்கத்தினர்க்கும் பொதுவாக உதவக்கூடிய கருவி ஒன்று உண்டு. மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் நடத்தும் அதனை 'டிரைவ்' என்பர். குழாயின் அழுத்தத்தையோ பாவின் இழுவிசையையோ 'சென்சார்' அளந்து சொல்ல, டிரைவ் அதன்படி நடக்கிறது. அந்தச் செய்தி நின்றுபோனால் விளைவது என்ன என்பதே இப்பாடம்.

நான்கில் தொடங்குவது ஏன்?

சென்சார்கள் பலவும் தம் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக அனுப்புகின்றன. 10 கிலோ அழுத்தம்வரை அளக்கும் சென்சாரில் 4 என்பது அழுத்தமின்மை. 12 என்பது 5 கிலோ. 20 என்பது 10 கிலோ. சுழியத்திலிருந்து தொடங்காமைக்குத் தக்க காரணம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகும். அது 'அழுத்தம் இல்லை' என்னும் செய்தியன்று, 'செய்தியே இல்லை' என்பதாகும். பொதுவாக 3.6க்குக் கீழும் 21க்கு மேலும் போவது பழுதெனக் கொள்ளப்படும்.

இவ்வேறுபாட்டை டிரைவ் அறியுமாறு அமைக்காவிடில், அறுந்த கம்பியை அழுத்தக் குறைவென்று அது எண்ணும். மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டும். சொட்டுநீர்க் குழாய்களின் இணைப்புகள் பிய்ந்துபோகும். கஞ்சி யந்திரத்திலோ இழைகள் அறும்.

சோதிக்கும் முறை

மின்தொழில் அறிந்தவரைக் கொண்டே இதனைச் செய்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் டிரைவினுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். கருவியில் குறித்துள்ள நேரம் கழியும்வரை அதனைத் திறத்தலாகாது.

1. மோட்டாரை நிறுத்திவைத்து, சமிக்ஞைக் கம்பியின் இடையே மீட்டரைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தை அளக்க. மில்லி ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டரை இரு முனைகளுக்குக் குறுக்கே வைத்தல் தவறு.

2. மின்னோட்டம் இல்லையெனில், சென்சாருக்கு வரவேண்டிய மின்னழுத்தத்தைப் பார்க்க. பெரும்பாலும் அது 24 வோல்ட். டிரைவில் இருந்து சென்சாரில் இல்லையெனில் குற்றம் கம்பியினுடையது. எலி கடித்த இடத்தையும், ஈரம் ஏறிய இணைப்பையும், தளர்ந்த திருகையும் தேடுக. இரண்டிடத்தும் மின்னழுத்தம் இருந்தால் திரும்பி வரும் கம்பியையும் சென்சாரையும் சோதிக்க.

3. அழுத்தத்திற்கேற்ப மின்னோட்டம் ஒழுங்காக மாறியும் டிரைவ் ஏற்கவில்லையெனில், அதன் உள்வாயில் மின்னோட்டத்துக்கு வைக்கப்பட்டுள்ளதா, வோல்ட்டுக்கு வைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க.

4. அளவு ஓயாது துள்ளினால், சமிக்ஞைக் கம்பி மோட்டார்க் கம்பியோடு ஒட்டிச் செல்கிறதா என நோக்குக. இரண்டையும் பிரித்து, உறையிட்ட கம்பியைப் பயன்படுத்தி, கருவியின் கையேடு கூறியவாறு உறையை நிலத்தோடு இணைக்க.

இத்தனையும் முடிந்த பின்னரே சென்சாரை மாற்றுதல் முறை. அறுந்த கம்பிக்காகப் புதுச் சென்சார் வாங்குவது, எய்தவனிருக்க அம்பை நோவதாகும்.

செய்யத்தகாதது

அறுவடைக் காலத்தும் அவசரக் காலத்தும், பழுதறிவிப்பை அடக்கிவிட்டு 'எப்படியாவது ஓடட்டும்' என்று எண்ணுவோர் உளர். அறிவிப்பு யந்திரத்தின் பிடிவாதம் அன்று. நம் முதலைக் காக்கும் காவல். சமிக்ஞை நின்றால் மோட்டார் நிற்க வேண்டுமா, குறித்த குறைந்த வேகத்தில் ஓட வேண்டுமா என்பதைத் தொழிலுக்கேற்ப முன்னரே தீர்மானித்து டிரைவில் பதிக்க வேண்டும். நீரேற்றத்துக்கு நிற்பதே நலம்.

யந்திரம் நன்றாக ஓடும் நாளிலேயே அதன் மின்னோட்ட அளவை ஏட்டில் குறித்து வைப்போமாக. ஒவ்வொருவரும் மீட்டர் வாங்க வேண்டுவதில்லை. சங்கத்திற்கு ஒரு மீட்டரும், அதனைக் கையாளக் கற்ற இருவரும் இருந்தால் போதும். கூட்டுறவு என்பது கடன் பெறுவதில் மட்டுமா? கற்றதைப் பகிர்வதிலும் அன்றோ!